ஜெயித்தவனுக்கு யார் சொல்வது?

தோற்றவனைக் கண்டால் போதும், நம் எல்லோருக்கும் தத்துவம் ஊற்றெடுத்துவிடும். ‘வெற்றி தோல்வியெல்லாம் வாழ்க்கையில சகஜம் தம்பி’, ‘எல்லாம் நன்மைக்கே’, ‘மனச மட்டும் விட்டுடாத.’ பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பா போன் போட்டுச் சொல்வார். மறுநாள் காலையில் அதே வாசகம் சூரியோதயப் படத்தோடு வாட்ஸ்அப்பில் வரும்.

ஜெயித்தவனிடம் யாராவது இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? ‘பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க்கா? சந்தோஷம் தம்பி. ஆனா வெற்றி தோல்வியெல்லாம் சகஜம், பார்த்து நிதானமா இரு’ என்று லட்டு நீட்டும் கையிடம் சொல்லிப் பாருங்கள். ‘வயித்தெரிச்சல் புடிச்ச மனுஷன்’ என்று பட்டம் கிடைக்கும். லட்டு கிடைக்காது.

என் புகாரே இந்த ஓரவஞ்சனைதான். இன்பத்திலும் துன்பத்திலும் ஒரே நிலையில் நில் என்கிற மருந்தைத் தோற்றவன் வாயில் மட்டும் ஊற்றுகிறோம். எனக்குத் தெரிந்தவரை, அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் எழுதிய சீட்டில் அப்படி இல்லை. ஜெயித்தவனுக்கும் அதே டோஸ். சொல்லப்போனால், அவனுக்குத்தான் முதலில்.

இந்த மருந்து இப்போது கம்பெனி கம்பெனியாக விற்பனையாகிறது. அதை ஒருமுறை புளியஞ்சோலையில் நேரிலேயே பார்த்தேன்.

புளியஞ்சோலை தெரியுமல்லவா? துறையூரிலிருந்து உப்பிலியபுரம் தாண்டிப் போனால் வரும் கொல்லிமலை அடிவாரம். மேலே அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் ஆகாயகங்கையாக விழுகிற தண்ணீர், மலையெல்லாம் இறங்கி, இங்கே பாறைகளுக்கு நடுவே ஆறாக ஓடும். சோற்று மூட்டையோடு குடும்பம் குடும்பமாக வந்து குளித்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு ஒரு கம்பெனியின் சேல்ஸ் ஆட்கள் நாற்பது ஐம்பது பேர், ஒரே கலர் பனியன் போட்டு வந்திருந்தார்கள். பயிற்சியாளர் ஒருவர் பாறை மேல் நின்று ஸ்டோயிக் தத்துவம் பேசினார். மார்கஸ் அரேலியஸ் பெயரும் எபிக்டெட்டஸ் பெயரும் சரளமாக வந்து விழுந்தன. ‘உங்கள் கையில் இல்லாததுக்குக் கவலைப்படாதீர்கள்’ என்றார். நல்ல பேச்சுதான். முடிந்ததும் மேனேஜர் எழுந்தார். டார்கெட்டை முடித்தவருக்குப் பொன்னாடை, கோப்பை, கைதட்டல். முடிக்காதவர்களைக் கை தூக்கச் சொன்னார். ‘இப்ப சார் சொன்னதெல்லாம் உங்களுக்குத்தான், புரிஞ்சுதா?’ என்றார்.

எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! டார்கெட் வைத்தது இவர். எட்டாத உயரத்தில் வைத்ததும் இவர். எட்டாதவன் மனசைச் சரி செய்துகொள்ள வேண்டுமாம். எட்டியவனுக்கு மட்டும் தத்துவத்திலிருந்து விதிவிலக்கு.

சரி, அசலான சரக்கில் என்ன இருக்கிறது?

சுமார் கி.மு. 300-ல் ஏதென்ஸ் நகரத்தில் ஆரம்பித்த சங்கதி இது. ஆரம்பித்தவர் ஜீனோ. சைப்ரஸ் தீவுக்காரர், வியாபாரி. ஊதாச் சாயச் சரக்கோடு வந்த கப்பல் கவிழ்ந்து, கையில் ஒன்றுமில்லாமல் ஏதென்ஸில் கரையேறினார் என்று அவரைப் பற்றிய பழைய வரலாறு சொல்கிறது. தூண்கள் வைத்த ஒரு திறந்த மண்டபத்தில் பாடம் நடத்தினார். அந்த மண்டபத்துக்கு ஸ்டோவா என்று பேர். நம்ம பாஷையில் சொன்னால் திண்ணைத் தத்துவம்.

இந்தத் திண்ணையில் பின்னால் வந்து உட்கார்ந்தவர்களில் எபிக்டெட்டஸ் அடிமையாக இருந்தவர், கால் ஊனமானவர். மார்கஸ் அரேலியஸ் ரோமாபுரிச் சக்கரவர்த்தி. கி.பி. 161 முதல் 180 வரை ஆண்டவர். ஒரே தத்துவம் அடிமைக்கும் பொருந்தியது, சக்கரவர்த்திக்கும் பொருந்தியது. மேனேஜர் கவனிக்க வேண்டிய விஷயம் இது: மார்கஸ் அரேலியஸ் தன் புத்தகத்தைக் குடிமக்களுக்காக எழுதவில்லை. தனக்குத்தானே எழுதிக்கொண்டார். பதவி தலைக்கேறாமல் இருக்க, தான் போட்டிருக்கும் ராஜ ஊதா அங்கி என்பது சிப்பிச் சாற்றில் முக்கிய ஆட்டு ரோமம், அவ்வளவுதான் என்று தனக்கே நினைவுபடுத்திக்கொண்டார். பொன்னாடை போர்த்திக்கொண்ட எத்தனை பேருக்கு, இது மிஞ்சிப் போனால் சரிகைத் துணி என்று தோன்றியிருக்கும்?

ரோமில் போரில் ஜெயித்த தளபதிக்கு ஊர்வலம் நடத்துவார்கள். ரதம், கூட்டம், ஆரவாரம் எல்லாம் உண்டு. அப்போது பின்னால் ஒரு ஆள் நின்றுகொண்டு, ‘நீயும் ஒருநாள் சாகப்போகிற மனுஷன்தான்’ என்று ஞாபகப்படுத்துவானாம். எபிக்டெட்டஸே இந்த வழக்கத்தைத் தன் பாடத்தில் எடுத்துச் சொல்கிறார். ஆக, மாலை விழுந்த காதில்தான் அந்தப் பேச்சு முதலில் விழுந்தது. நம் ஊர் மேடைகளில் பின்னால் ஒரு ஆள் நிற்கத்தான் செய்கிறார். ‘அண்ணே, அடுத்த எம்.எல்.ஏ. நீங்கதான்’ என்று சொல்வதற்கு!

இந்தத் தத்துவக்காரர்கள் ஒரு உவமை சொல்வார்கள். ரோமானியப் பேச்சாளர் சிசரோ அதை எழுதி வைத்திருக்கிறார். வில்லாளி ஒருவன் குறி பார்க்கிறான். பயிற்சி அவன் கையில், கண் அவன் கையில், நாணை இழுப்பது அவன் கையில். அம்பை விட்ட பிறகு காற்று அடிக்கலாம், இலக்கு நகரலாம். அது அவன் கையில் இல்லை. ஆகவே நல்ல வில்லாளி என்பவன் சரியாக எய்தவன். பட்டதா படவில்லையா என்பது இரண்டாவது கணக்கு.

இதைப் புளியஞ்சோலையில் வைத்துச் சொல்லும்போது, மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டாமா? அந்த மலையே ஒரு வில்லாளியின் மலை ஐயா!

வல்வில் ஓரி. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, கடைசியாகப் புற்றிலிருந்த உடும்பு வரை ஊடுருவியது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடிய ஆள். அப்பேர்ப்பட்ட வில்லாளி ஜெயித்தானா? இல்லை. மலையமான் திருமுடிக் காரி அவனைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். சரி, காரி ஜெயித்தானா? அவனுடைய கோவலூரை அதியமான் அடித்து நொறுக்கினான். அதியமானாவது ஜெயித்தானா? அவனுடைய தகடூரை, இன்றைய தருமபுரியை, பெருஞ்சேரல் இரும்பொறை தகர்த்தான். இந்த வரிசையை எப்படிக் கலைத்துப் போட்டாலும் கதை ஒன்றுதான். ஜெயித்தவன் எவனும் ஜெயித்தவனாகவே நிற்கவில்லை.

இனி, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த கடையெழு வள்ளல்கள் பட்டியலைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி. கொன்றவன், கொல்லப்பட்டவன், கோட்டை பறிகொடுத்தவன் மூன்று பேரும் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்! தமிழன் போட்ட அந்தப் பட்டியலில் போர்க்கணக்குக்கு மார்க்கே இல்லை. கூத்தர்களுக்கு நாட்டைக் கொடுத்தது ஓரியின் கையில் இருந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது அதியமான் கையில் இருந்தது. அதற்குத்தான் மார்க். இன்றைக்கும் ஆடி மாதம் கொல்லிமலை செம்மேட்டில் அரசாங்கம் விழா எடுப்பது, மலையைத் தோற்ற ஓரிக்குத்தான்.

நான் படித்தது பி.காம். எனக்கு இது கணக்குப் புத்தக விஷயமாகத்தான் தெரிகிறது. கணக்கியலில் ‘முன்னெச்சரிக்கை’ என்று ஒரு விதி உண்டு. வரக்கூடிய நஷ்டத்துக்கு முன்னாலேயே ஒதுக்கி வை. கைக்கு வராத லாபத்தை வரவில் எழுதாதே. ஸ்டோயிக்காரர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். காலையில் எழுந்ததும் என்னவெல்லாம் தப்பாகப் போகலாம் என்று மனசுக்குள் ஒரு ஒத்திகை பார்த்துக்கொள். வந்த நல்லதை உன் சொந்தச் சொத்து என்று எழுதாதே, இரவல் கணக்கில் எழுது. நாம் தலைகீழாகச் செய்கிறோம். வெற்றி வந்தால் முழுத் தொகையும் நம் திறமைக் கணக்கில் வரவு. தோல்வி வந்தால் விதிக் கணக்கில் செலவு. அடுத்தவன் தோற்றால் மட்டும் அவன் திறமைக் கணக்கில் பற்று! இப்படி ஒரு ஐந்தொகை எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு எதுக்கு?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செனெகா ரோமில் தத்துவம் எழுதிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில்தான், இந்தியா வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணத்தை நம்மிடமிருந்து உறிஞ்சுகிறது என்று பிளினி புலம்பினார். சேர நாட்டு மிளகு அப்படிப் போனது. அவர்கள் காசு கரூர் அமராவதி மணலில் இன்றைக்கும் கிடைக்கிறது. மிளகும் காசும் போய் வந்த வழியில் எண்ணம் வந்ததா என்பதற்கு நான் பத்திரம் காட்ட முடியாது. காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. சரக்கு இங்கேயே இருந்தது.

திருக்குறளில் 63-ஆம் அதிகாரம் இடுக்கண் அழியாமை. துன்பத்தில் உடையாமல் இருப்பது. பட்டிமன்றம், பயிற்சி வகுப்பு, இரங்கல் கூட்டம் எல்லா இடத்திலும் எடுத்து விடுவார்கள். 54-ஆம் அதிகாரம் என்ன தெரியுமா? பொச்சாவாமை. சந்தோஷ மிதப்பில் தன்னை மறக்காமல் இருப்பது. எல்லை மீறிய கோபத்தைவிட, அளவில்லாத மகிழ்ச்சியில் வருகிற மறதி கெட்டது என்று அதன் முதல் குறளே மண்டையில் குட்டுகிறது. வள்ளுவர் இரண்டு பேருக்கும் தலா பத்துக் குறள் எழுதினார். ஜெயித்தவனுக்கு முன்னால், தோற்றவனுக்குப் பின்னால். நாம் ஒரு அதிகாரத்தைப் பரணில் போட்டுவிட்டோம்.

கணியன் பூங்குன்றனாருக்கும் இதே கதிதான். புறநானூற்றின் 192-ஆம் பாட்டு. அதன் முதல் வரி தெரியாத தமிழன் கிடையாது. மேடை, பேனர், டி-ஷர்ட் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டு முதல் வரியோடு முடியவில்லையே! மழை கொட்டி, பாறையில் மோதிப் பாய்கிற ஆற்றில் அடித்துச் செல்லப்படும் தெப்பம் போன்றது உயிர் என்கிறார். இதைத் தெரிந்துகொண்டவர்கள், பெரிய ஆட்களைப் பார்த்து வாய் பிளக்கவும் மாட்டார்கள், சின்னவர்களை இகழவே மாட்டார்கள் என்று முடிக்கிறார். புளியஞ்சோலைப் பாறைகளுக்கு நடுவே ஒரு வாழை மட்டையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், பாட்டு புரியும். அந்த மட்டை கரை சேர்ந்தால் அதற்கு மாலை போடுவீர்களா? பாறையில் சிக்கினால் அதைத் திட்டுவீர்களா?

நாம் செய்வது அதைத்தான். மலையின் அந்தப் பக்கம் இறங்கினால் நாமக்கல். முட்டைக்கும் லாரிக்கும் பேர் போன ஊர், 2000-களில் மார்க்குக்கும் பேர் போனது. பிளஸ் டூவில் மாநில ரேங்க் வாங்கித் தரும் ஹாஸ்டல் பள்ளிக்கூடங்கள். ஜனங்களே அவற்றுக்கு பிராய்லர் பள்ளி என்று பேர் வைத்தார்கள். விடிகாலையிலிருந்து ராத்திரி வரை படிப்பு. ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பர் முழுக்க, ஊர் முழுக்க, தபால்தலை அளவு முகங்கள். நுழைவுத் தேர்வு போனபின், 2007-லிருந்து 2016 வரை மெடிக்கல் சீட்டுக்கு பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. எனவே எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2017-ல் நீட் வந்தது. அந்த மார்க்கை வைத்து மெடிக்கல் சீட் என்கிற கணக்கு ஒரே வருடத்தில் செல்லாக்காசானது. அதே ஆண்டு மே மாதம், மாநில முதலிடம் இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தையும் தமிழக அரசு நிறுத்தியது. படித்த பிள்ளை அதே பிள்ளை. மாறியது காற்று. வில்லாளி உவமையை இதைவிடப் பச்சையாக யார் விளக்க முடியும்?

அரசாங்கம் ரேங்க்கை நிறுத்தியது. நாம் நிறுத்தினோமா? ஃப்ளெக்ஸ் போர்டு அதே இடத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பதில் கோச்சிங் சென்டர், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் போர்டுக்குக் கீழேதான், அறுநூறுக்கு முந்நூற்று எண்பது வாங்கிய பிள்ளை சைக்கிளில் போகிறது. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, ‘மார்க் எல்லாம் ஒரு விஷயமே இல்லடா கண்ணா’ என்கிறோம். தலைக்கு மேல் இருபதடி உயரத்தில் ‘மார்க்தான் விஷயம்’ என்று எழுதி வைத்துவிட்டு! பிள்ளை எதை நம்பும்? நம் வாயையா, போர்டையா?

தோல்வி தாங்காமல் ஒரு பிள்ளை உடையும்போது, ‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு மன உறுதியே இல்லை’ என்று டி.வி.யில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறோம். பிள்ளைகளின் மன உறுதி இருக்கட்டும். வெற்றியைக் கண்டால் பெரியவர்களுக்கு வருகிற போதை இருக்கிறதே, முதலில் அதைப் பற்றிப் பேசுவோம். தோல்வியின் பள்ளம் தனியாகத் தோண்டப்படுவதில்லை. வெற்றிக்கு மேடை கட்ட மண் எடுத்த இடம்தான் அது.

‘நீங்க சொல்றபடி இருந்தா, யாருக்கும் முன்னேறணும்ங்கிற வெறியே வராதே சார்?’ என்று கேட்பீர்கள். வில்லாளியை மறுபடி பாருங்கள். அவன் வில்லைக் கீழே போடவில்லையே! தன் கையில் இருப்பதில் ஒரு குந்துமணி அளவு கூடக் குறை வைக்கக்கூடாது என்பதுதான் அவன் பாடம். ரிசல்ட்டையே நினைத்துக் கை நடுங்குகிறவன்தான் குறி தவறுவான். பரீட்சை ஹாலில் உட்கார்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

‘பணம் இருக்கறவன் பேசற தத்துவம் இது’ என்பது அடுத்த கேள்வி. இதில் நியாயம் உண்டு. செனெகா எளிமையைப் பற்றி எழுதியவர். நான்கே வருடத்தில் முப்பது கோடி செஸ்டர்ஸ் சேர்த்தது எந்தத் தத்துவத்தால் என்று அவர் காலத்திலேயே ஒருவர் அவரைக் கேட்டார். நல்ல கேள்விதான். வேலையை விட்டுத் தூக்குகிற முதலாளி, தூக்கப்படுகிறவனுக்கு ‘நிதானமாக இருங்கள்’ என்று வகுப்பெடுத்தால் அது தத்துவம் ஆகாது, வாய்ப்பூட்டு. விலை விழுந்த மிளகு விவசாயியிடம் ‘விலை உன் கையில் இல்லையப்பா’ என்று சொல்லிவிட்டு, இடைத்தரகு யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல் விடுவதும் அதே ரகம்தான்.

ஆனால் ஸ்டோயிக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னவர்கள் அல்லர். அவர்கள் வைத்த நான்கு அறங்களில் நீதியும் ஒன்று. நீரோ மன்னன் தன் தாயையே கொன்றபோது, ரோம் செனட் சபை அவனுக்குப் பாராட்டுத் தீர்மானம் போட்டது. திராசியா பீட்டஸ் என்ற ஸ்டோயிக் எழுந்து வெளியே நடந்தார். கி.பி. 59-ல் நடந்தது இது. ஏழு வருடம் கழித்து, கி.பி. 66-ல், அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தைரியமாக எழுந்து நடக்கத்தான் நிதானம் வேண்டும். கைகட்டி உட்காருவதற்கு எதற்கு அது?

ஆகவே என் கோரிக்கை சின்னது. இந்தத் தத்துவத்தை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். முதல் ஊசி உங்களுக்கு. அதுவும் நீங்கள் ஜெயித்த அன்றைக்கு. சம்பளம் கூடிய நாளில், பதவி வந்த நாளில், வாங்கிய இடத்தின் விலை இரண்டு மடங்கான நாளில், ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி போடுங்கள். இதில் என் உழைப்பு எவ்வளவு, காற்று எவ்வளவு? நேர்மையாக எழுதினால், அடுத்த வீட்டுத் தோற்றவரைப் பார்க்கும் பார்வை தானாக மாறிவிடும். ‘அந்தக் காற்று எனக்கு அடிக்காமல் போயிருக்கலாம்’ என்று தோன்றும். பூங்குன்றனார் சொன்ன ‘இகழாமை’ அங்கே தொடங்குகிறது.

முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்கு முத்தம் கொடுங்கள், லட்டு கொடுங்கள். கூடவே சொல்லுங்கள்: ‘நீ படிச்சது உன்னோடது. மார்க் வந்துச்சு, போகும். வகுப்புல யாருக்குக் குறைஞ்சிருக்கோ, சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போய்ட்டு வா.’ இருபதடி போர்டுக்குப் பிள்ளையின் போட்டோ கேட்டு ஆள் வந்தால், கொடுக்காதீர்கள்.

தோற்ற பிள்ளை வீட்டுக்கு நீங்கள் போவதாக இருந்தால், தத்துவத்தை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போங்கள். மார்கஸ் அரேலியஸும் வேண்டாம், 63-ஆம் அதிகாரமும் வேண்டாம். அதெல்லாம் அந்தப் பிள்ளை தானாக, தனக்காக, வேறொரு நாள் எடுத்துக்கொள்ள வேண்டியது. பிள்ளை ரொம்ப ஒடுங்கிப்போய், பேச்சு போக்கே வேறு மாதிரி இருந்தால் தனியாக விடாதீர்கள். உடனே டாக்டரைப் பாருங்கள், அல்லது 104-க்கோ, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கோ போன் போடுங்கள். மற்றபடி, பக்கத்தில் உட்காருங்கள். ‘சாப்பிட்டியா?’ என்று கேளுங்கள். சாப்பிடவில்லை என்றால், நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.